அந்த வரியை எழுதியவர்

அரசு வக்கீல் அந்தப் பக்கத்தை மூன்றாவது முறையாக வாசித்தார். நாவலில் வரும் மனைவி கணவனிடம், "விளக்கை அணைக்காதீங்க. எனக்கு உங்களைப் பாக்கணும்" என்கிறாள். அவ்வளவுதான். அதற்குத்தான் ஆபாச வழக்கு. ஆபாசத்தை ஒழிக்க வந்தவர் அதை ராகம் போட்டு வாசிக்க, முன்வரிசை வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டது. எழுதியவள் தலைகுனியவில்லை. அது வேறு நீதிபதிக்குப் பிடிக்கவில்லை.

இடைவேளையில் அவளுடைய வக்கீல், அவளையும் அவள் கணவரையும் தாழ்வாரத்து ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"இப்படியே போனா புத்தகம் மொத்தமும் நெருப்புக்குத்தாம்மா. நீங்க உள்ள போனாலும் போவீங்க. ஒரே வழிதான் இருக்கு. சார் எழுதி உங்க பேர்ல போட்டதா சொல்லிடலாம்."

"இவரா? கல்யாண நாள் வாழ்த்தையே என்கிட்ட எழுதி வாங்கித்தான் எனக்குக் குடுப்பாரு!"

"சிரிக்காதீங்கம்மா. சட்டத்துல ஆம்பள பொம்பளன்னு இல்ல. தீர்ப்பு எழுதறவர் மனசுல இருக்கே."

மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர், மாத்திரை எண்ணிப் பழகிய விரல்களால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ன உள்ள விட்டுட்டு நான் வீட்ல எப்படி இருப்பேன்? அம்மா எங்கன்னு பாப்பா கேட்டா? நீ சும்மா தலைய மட்டும் ஆட்டு."

அவர் கண் கலங்கியிருந்தது. பாப்பா தூங்கிய நேரமெல்லாம் சமையல் மேடையில் குனிந்து எழுதிய புத்தகம். அதாவது பிழைக்கட்டும். தலையாட்டினாள்.

அவர் கூண்டேறிச் சொன்னதும் நீதிபதியின் முகம் இளகியது.

"அப்படிச் சொல்லுங்க! மனைவி இப்படிக் கேக்க மாட்டாளான்னு ஒரு ஆம்பளையோட ஏக்கம். இது இலக்கியம்."

வழக்கு தள்ளுபடியானது.

வாசலில் கூட்டம் அவரை மொய்த்துக்கொண்டது. அவளை ஓரமாக நகரச் சொன்னார்கள். ஒரு பத்திரிகைக்காரர், "அந்த விளக்கு வரி எப்படி சார் தோணுச்சு?" என்று கேட்டார்.

கணவர் அவள் பக்கம் திரும்புவார் என்று பார்த்தாள். திரும்பவில்லை. கூச்சத்தோடு சிரித்தார்.

"அது... தானா வந்துச்சுங்க."

அடித்துத் திருத்தி அவள் ஒரு மழைக்காலம் முழுக்கத் தேடிக் கண்டெடுத்த வரி.

காரில் ஏறியதும் அவர் கேட்டார், "நல்லாத்தானே சமாளிச்சேன்?"

"ரொம்ப நல்லா. அடுத்த புத்தகத்தையும் நீங்களே எழுதிடுங்க."

அவர் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு, வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.