வெள்ளையடித்த சுவர்

ஞானதுரை வாத்தியார் கடப்பாரையை ஓங்கி மூன்றாம் முறை குத்தினார். ஈரம் காயாத சுண்ணாம்பு பாளமாகப் பெயர்ந்து விழ, பூசி மறைத்திருந்த விரிசல் வாயைப் பிளந்தது.

கம்பத்திலிருந்து ஓவர்சியர் வரும் பஸ்ஸுக்கு இன்னும் கால்மணி நேரம்தான். பண்ணைப்புரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தை எடுத்துக் கட்ட, அந்த 1937ஆம் வருஷம் சர்க்கார் பணம் ஒதுக்கியிருந்தது. கட்டடம் விழும் நிலையில் இருக்கிறது என்று ஓவர்சியர் எழுதினால்தான் அது வரும். வராவிட்டால் இந்த மழைக்கும் அறுபது பிள்ளைகள் அதே சுவருக்கடியில்தான்.

ஊர்க்காரர்கள் செய்திருந்த காரியமோ வேறு. வாத்தியார் மதுரைக்குப் போயிருந்த இரண்டு நாளில், வருகிற அதிகாரி முகம் சுளிக்கக் கூடாதென்று, கல்யாண வீட்டைப்போல் விரிசலையெல்லாம் அடைத்து, வெள்ளையடித்து, வாசலில் வாழைமரமும் கட்டிவிட்டார்கள். முன்நின்று செய்தவன் சின்னச்சாமி. இப்போது கம்போடு ஓடி வந்தவனும் அவன்தான்.

"விருந்தாளி வர்ற நாள்ல சுவத்தை இடிக்கிறீரே, நீரெல்லாம் மனுசனா?"

முதல் அடி தோளில் இறங்கியது. வாத்தியார் மூச்சுவாங்க, விரிசல் தெரிந்தால்தான் பணம் கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னார்.

"ஓட்டைப் பானையைக் காட்டிப் பிச்சை கேக்கச் சொல்றீராக்கும்?"

இரண்டாம் அடியில் வலது முழங்கை எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. இடது கையால் கடப்பாரையை வீசினார். அது சின்னச்சாமியின் வாயில் பட்டு இரண்டு பற்களைத் தெறிக்கவைத்தது; வெள்ளைச் சுவரில் ரத்தம் வழிந்தது. அவ்வளவுதான், நாலு பேர் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலாவில் விழுந்த ஒரு மிதியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஓவர்சியர் அதட்டிய பிறகே கால்கள் விலகின. அவர் சுவரைப் பார்த்தார், தரையில் கிடந்தவரைப் பார்த்தார், நோட்டை மூடினார்.

"கடப்பாரையால உடைச்ச சுவத்துக்குக் கிராண்டு எழுத முடியாது. விரிசல் முன்னாடியே இருந்ததுன்னு யார் கண்டா? தானா இடிஞ்சு யாருக்காவது சேதம் ஆகியிருந்தா சொல்லுங்க."

ஒருத்தருக்கும் சிராய்ப்புகூட இல்லை என்று ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான் சின்னச்சாமி. கடப்பாரை இப்போது அவன் கையில் இருந்தது.

ஓவர்சியர் பஸ்ஸை நோக்கித் திரும்பினார். வாத்தியார் முறிந்த கையை நெஞ்சோடு அணைத்து, சுவரைப் பிடித்து எழுந்தார். போன ஐப்பசியில் பள்ளிக்கூடத்துப் புளியமரத்திலிருந்து விழுந்து செத்ததாக ஊர் அறிந்தவள் பஞ்சம்மாள், சின்னச்சாமியின் ஒரே மகள். பிணத்தைச் சுமந்துபோய் அவன் வாசலில் கிடத்தியவர் வாத்தியார். அவர் காலைக் கட்டிக்கொண்டு அன்று அழுதவன் சின்னச்சாமி.

"ஐயா, நில்லுங்க. எழுதிக்கங்க," என்றார் வாத்தியார். பேச்சு ஓவர்சியரிடம், பார்வை கடப்பாரை பிடித்த கையில்.

"சின்னச்சாமி, உன் மக மரத்துல இருந்து விழலைப்பா. இந்தச் சுவத்துக் கல்லுதான் பேந்து அவ தலையில விழுந்துச்சு. பள்ளிக்கூடத்தை மூடிருவாகன்னு நான்தான் மாத்திச் சொன்னேன்."