மடித்து வைத்த மூன்று அங்குலம்

நான் வீடுகளுக்கு வெளிச்சுவர் அடிக்கிற பெயிண்டர். குளிர்காலம் வந்துவிட்டால் எனக்கு வேலை கிடையாது. ஈரச் சுவரில் பெயிண்ட் ஒட்டாது. ஒட்டினாலும் வெயில் வந்ததும் உரிந்து விழுந்து மானத்தை வாங்கும். அதனால் வருடத்தில் மூன்று மாதம் ஏணியை மாடிப்படிக்குக் கீழே படுக்கவைத்துவிட்டு, சமையலறை மேஜையில் தையல் மிஷினைத் தூக்கி வைப்பேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்குப் போக, நான் வீட்டில் உட்கார்ந்து துணி தைக்க, அக்கம்பக்கத்தில் பேசாத பேச்சில்லை. பேசட்டும். அவர்கள் வீட்டுத் திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கவும் என்னிடம்தான் வர வேண்டும்.

எங்கள் ஒரே மகளைக் குருவி என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய குளிர்கால உடுப்பெல்லாம் நான் தைத்ததுதான். எனக்கு ஒரு பழக்கம். எதைத் தைத்தாலும் வளர்கிற பிள்ளை என்று சட்டைக் கையில் மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, உள்ளே மடித்து, லேசாக ஓட்டுத்தையல் போட்டு வைப்பேன். அடுத்த குளிருக்கு நூலை இழுத்தால் போதும், கை நீண்டுவிடும். வெட்டின துணி திரும்ப வராது என்பது என் வேதவாக்கு. மடிப்பு கனத்து மணிக்கட்டில் வளையம் மாதிரி நிற்கும். "இவ துணி போட்ட மாதிரி இல்லைங்க, துணி இவளப் போட்ட மாதிரி இருக்கு" என்பாள் மனைவி. நான் சிரித்துவிட்டு அடுத்த துணியை மடிப்பேன்.

என் பக்கத்தில் அண்ணன் தம்பி அத்தனை பேரும் நெட்டைகள், நிலைப்படியில் தலை இடிக்காமல் உள்ளே வந்ததில்லை. மகளும் அப்படித்தான் வளர்வாள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். அவளோ குள்ளமான அம்மாவை உரித்து வைத்தவள். ஊருக்கே தெரிந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

அவளுடைய பதினைந்தாவது வயதில், பள்ளிப் பாட்டுக் குழுவை முன்னால் நின்று நடத்த அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பாடுகிறவர்கள் நாற்பது பேர். அவள் கை ஏறினால் குரல் ஏற வேண்டும், கை இறங்கினால் குரல் இறங்க வேண்டும். அன்றைக்குச் சமையலறைக்குள் ஓடி வந்தவள், ஓடிக்கொண்டிருந்த மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, மேடைக்குக் கறுப்புக் கோட்டு வேணும். ஆனா இந்த ஒரு தடவ மட்டும், இப்ப எனக்கு என்ன அளவோ அந்த அளவுக்குத் தைங்க. உள்ள மடிக்காதீங்க. எல்லாரும் என் கையத்தான் பாப்பாங்க."

"சரிடா கண்ணு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அளவெடுத்து நோட்டில் எழுதினேன்: கை, இருபது. நல்ல கம்பளித் துணி. மேஜையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, அதன் மேல் கத்தரியை வைத்தேன். மனசு வரவில்லை. இத்தனை நல்ல துணி ஒரு குளிரோடு வீணாகிவிடுமே என்று தோன்றியது. கத்தரியை மூன்று அங்குலம் தள்ளி வைத்து வெட்டினேன். ஈரத்துணி போட்டு இஸ்திரியால் அழுத்தியதில் மடிப்பு தட்டையாகிவிட்டது. அவள் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தாள்.

"மடிக்கலல்ல?"

"இல்லடா."

பெற்ற பிள்ளையிடம் பச்சைப் பொய். நாக்குக் கூசவில்லை.

மேடையில் முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. நானும் மனைவியும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். எங்களுக்குத் தெரிந்தது அவள் முதுகும் இரண்டு கைகளும்தான். இரண்டாவது பாட்டு வேகமானது. அடுத்த வருஷம் சுலபமாகப் பிரிய வேண்டும் என்று நான் போட்ட தையல், அவள் கை வீசிய வேகத்தில் அன்றைக்கே பிரிந்தது. கோட்டின் வலது கை சரிந்து விரல் கணுவரை மூடிக்கொண்டது. உதறினாள். உதற உதற மீதி நூலும் கழன்றது. பாடுகிறவர்களில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவி ஆளுக்கொரு பக்கம் பாட, பாட்டு பாதியில் நின்றது. அரங்கில் கைதட்டினார்கள், ஐயோ பாவம் என்று தட்டுகிற கைதட்டல். மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குருவி கோட்டைக் கழற்றி மிஷின் மேல் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"நான் இப்ப இருக்கறதுக்குன்னு ஒண்ணே ஒண்ணுதானப்பா கேட்டேன். நான் வளந்தாத்தான் உங்களுக்குப் புடிக்குமா?"

மன்னித்துக்கொள் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அப்பன் என்கிற வீம்பு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. "அடுத்த தடவ சரியாத் தைக்கிறேன்" என்றேன். அடுத்த தடவை வரவே இல்லை. மறுவாரமே பாட்டுக் குழுவை விட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் போட்டதெல்லாம் கடைத்துணிதான்.

பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது வேறு ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். இந்தக் குளிருக்குப் பத்து நாள் விடுப்பில் வந்தாள். வாசலில் அவளைப் பார்த்ததும் என் கண் நேராகக் கைக்குத்தான் போனது. கடையில் வாங்கிய கோட்டு, கை நீளம் அதிகம். வெளிப்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தாள்.

"குடும்மா, குறைச்சுத் தரேன்."

"வேணாம்ப்பா. மடிச்சு விட்டுக்கறேன், பழகிடுச்சு."

நான் தைத்துக் கொடுப்பதைவிட மடித்துக்கொள்வதே மேல் என்று அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூன்று நாள் மறுபடி கேட்கவில்லை. நான்காம் நாள் மதியம், அவள் மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டேப்போடு போய் எதிரில் நின்றேன்.

"குருவி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். தப்புப் பண்ணிட்டேன்மா. அப்பவே சொல்லியிருக்கணும்."

அவள் கோப்பையை நகர்த்தி வைத்தாள். மிஷின் மேல் வெயில் விழுந்திருந்தது. கையை நீட்டினாள்.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை டேப்பை வைத்தேன். இருபது. நம்பாமல் மறுபடி வைத்தேன். இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதே இருபது. நான் யாருக்காக அந்த மூன்று அங்குலத்தை மடித்து வைத்தேனோ, அந்தப் பெண் வரவே இல்லை. வந்திருந்தவள் அன்றைக்கே முழுசாக என் எதிரில் நின்றிருக்கிறாள்.

கோட்டை அவள் கண் முன்னாலேயே மேஜையில் விரித்தேன். மடித்துத் தைக்க ஒரு அங்குலம் விட்டேன், அதற்கு மேல் நூலளவும் விடவில்லை. வெட்டினேன். மிஷினில் இரண்டு ஓட்டம் அடித்து, நூலை அறுத்து நீட்டினேன்.

போட்டுக்கொண்டாள். கண்ணாடிப் பக்கம் போகவில்லை. சமையலறை நடுவில் நின்று, இரண்டு கைகளையும் நெஞ்சளவுக்கு உயர்த்தி முன்னால் நீட்டினாள், அன்றைக்கு மேடையில் நின்ற மாதிரியே. கோட்டின் இரண்டு கையும் மணிக்கட்டில் அப்படியே நின்றன.

"சரியா இருக்குப்பா" என்றாள்.

எதிரில் பாடுவதற்கு யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கைகளை இறக்கிக்கொண்டாள்.