பாக்குவெட்டியைக் கையில் கொடுத்தவன்

1

கதையெழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கின்றேன். பிரவேச பண்டிதர் சோதனையில் இரண்டாந் தடவை சித்தியடைந்தவன் என்பதைத் தவிர இதற்கு என்னிடம் வேறு தகுதி இல்லை. அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பு இலிகிதனாக இருக்கின்றேன். ஒருவர் சொன்னதை இன்னொரு மொழியில் திருப்பிச் சொல்வது என் தொழில். (சொந்தமாக நான் இதுவரை எழுதியவை: விடுமுறை விண்ணப்பங்கள் பதினாறு, அனுதாபக் கடிதம் ஒன்று.)

இக்கதை பிறந்த இடம் ஓர் அறிக்கை. 1942ஆம் ஆண்டு ஆவணி மாதம் நடந்த ஒரு விசாரணையைப் பற்றியது. மொத்தம் ஏழு வரிகள். எழுதிய கை என்னுடையது. அதன் ஐந்தாவது வரி உண்மையல்ல. அந்த வரியைக் கொண்டு ஒரு மனிதர் பொய்யர் என்று தீர்மானிக்கப்பட்டார்.

அறிக்கையைத் திருத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. கதையெழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று அண்மையில் அறிந்தேன். ஐந்து வருடம் பிந்திவிட்டது. அதற்கும் மன்னிக்கவும்.

2

முதல் தொடக்கம் இவ்வாறு அமைந்திருந்தது:

"செங்கதிர்ச் செல்வன் தன் பொற்கரங்களைக் குணதிசையினின்றும் நீட்டி, கொழும்புத் துறைமுகத்தின் நீலத்திரைகளைத் தடவிக்கொடுத்த அந்த உயிர்த்த ஞாயிற்றுக் காலையிலே—"

இதை வெள்ளவத்தையில் காகிதக் கடை வைத்திருக்கும் றவூப் நானாவிடம் வாசித்துக் காட்டினேன். நான் தாள் வாங்குவது அவரிடம்தான். பிழையாகிப்போன தாள்களைப் பார்க்கும் உரிமை தனக்கு உண்டு என்பது அவருடைய கொள்கை.

"பண்டிதர் தம்பி, இதுல மனிசன் எங்க ஈக்கான்?" என்றார்.

"அடுத்த பந்தியிலே வருவார், நானா."

"சூரியன் ஒவ்வொரு நாளும் வருதுதானே. அதுக்கு என்னத்துக்கு என்ட தாள்ல ஒரு பக்கம்? மனிசன முதல்ல கூப்பிடுங்க."

இரண்டாவது தொடக்கம்: "அபாயச் சங்கு ஊதியது. எல்லோரும் ஓடினார்கள். சவுந்தரநாயகம் மட்டும் அஞ்சாமல்—"

[இதையும் நிறுத்திக்கொள்கின்றேன். அவ்வேளை நான் வெள்ளவத்தை அறையில் மேசைக்குக் கீழே இருந்தேன். மேசைக்குக் கீழே இருந்தவன் இன்னொருவருடைய அச்சத்தைப் பற்றியோ அஞ்சாமையைப் பற்றியோ எழுதுவது முறையன்று.]

ஆகவே மனிதரை நேரடியாகவே அழைக்கின்றேன். சவுந்தரநாயகம். வயது நாற்பத்து நான்கு. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். துறைமுகக் கிட்டங்கியொன்றில் கங்காணி. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளில் முக்கோணம், நங்கூரம், இரட்டை வளையம் என்று மையினால் அடையாளமிட்டிருப்பார்கள். அதற்கு மார்க் என்று பெயர். முப்பது கெஜ தூரத்தில் நின்று மார்க்கைப் பார்த்து, எந்தப் பெட்டி எந்தக் கிட்டங்கிக்கு என்று கைகாட்டுவது அவருடைய வேலை. அந்த உயிர்த்த ஞாயிறு யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது கூரையின் மரச்சட்டம் ஒன்று அவருடைய பின்தலையில் விழுந்தது. ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்து எழுந்தார். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பார்க்கும் பொருள் எதுவென்று தெரியவில்லை.

3

இவ்விடத்தில் வாசகர் நம்ப மறுப்பார். அவரை விசாரித்த துறைமுக வைத்தியச் சபையும் மறுத்தது. ஆகையால் சற்று விளக்கம் வேண்டியிருக்கின்றது.

அவருக்குச் சிகிச்சையளித்த இளம் வைத்தியர் நாகேந்திரம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். நோயாளிக்காக அதைத் தமிழாக்கியவன் நான். சாராம்சம் இது: காண்பது ஒரே செயல் என்று நாம் நினைக்கின்றோம், அது பல செயல். கண் அனுப்பும் செய்தி முதலில் மூளையின் பின்புறத்தைச் சென்றடைகின்றது. அங்கே கோடும் மூலையும் நிறமும் அசைவும் தனித்தனியே அறியப்படுகின்றன. பின்னர் அவை ஓர் உருவமாகக் கூடுகின்றன. அதன் பின்னரே அந்த உருவம், நாம் முன்பு அறிந்து வைத்திருப்பவற்றோடு சேர்க்கப்பட்டு, "இது இன்னது" என்றாகின்றது. நோயாளியிடம் உருவம் கூடுகின்றது. சேர்ப்பதற்கான வழி அறுந்துவிட்டது. தொட்டால், கேட்டால், முகர்ந்தால் உடனே அறிவார். அவை வேறு வழியாக வருபவை.

(அடிக்குறிப்புப் போல ஒன்று: நான் மொழிபெயர்த்த அளவில் இதில் பிழையிருந்தால் பிழை என்னுடையது. டாக்டருடைய ஆங்கிலம் தெளிவாக இருந்தது.)

சவுந்தரநாயகம் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். விசாரணைக்கு முன்னர் விண்ணப்பத்தை நிரப்புவதற்காக மனைவி ஐறீனோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

"சாமான் எல்லாம் ஒழுங்கா இறங்குது தம்பி. மார்க் பார்க்கிற ஆள்தான் வேலைக்கு வரேல்ல."

என் மேசையிலிருந்த சீப்பொன்றை (எனது, அப்போது எனக்குத் தேவைப்பட்டது) அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நீளமா ஒண்டு. கறுப்பு. ஒரு பக்கம் அடுக்கடுக்கா நிக்குது. யன்னல் கிறாதியோ?"

கையில் எடுத்தார். "சீச்சீ, சீப்பு!" என்று வெட்கத்தோடு சிரித்தார்.

ஐறீன் அக்கா சிரிக்கவில்லை. "என்னையும் அப்பிடித்தான் தம்பி. ஆசுப்பத்திரியில கட்டிலுக்குப் பக்கத்தில போய் நிண்டன். நேர்ஸ் எண்டு நினைச்சு, 'மிஸி, ஆரைத் தேடுறீங்க?' எண்டு கேட்டார். கலியாணம் கட்டிப் பதினெட்டு வருஷம். அண்டைக்குத்தான் முதன்முதலா என்னட்ட மரியாதையாக் கதைச்சவர்."

"வாயைத் திறந்தா உடனே தெரியுந்தானே," என்றார் அவர். "ஒரு நிமிஷம் சும்மா இருந்தாத்தான் தெரியாது. நான் என்ன செய்ய, இவ சும்மா இருந்தே நான் கண்டதில்ல."

"இப்ப வீட்டுக்குள்ள வரேக்க இருமிக்கொண்டுதான் வாறன்," என்றார் அக்கா என்னிடம்.

சவுந்தரநாயகம் கேட்டது பெரிய காரியமன்று. கயிற்றுக் கிட்டங்கியில் ஓர் இடம் காலியாக இருந்தது. கப்பற் கயிறுகளைக் கையால் தடவி, நைந்த இழையைக் கண்டுபிடிக்கும் வேலை. அதற்குப் பார்வையால் அறிய வேண்டிய தேவை இல்லை. காயத்தினால் வந்த நோய் மெய்யென்று சபை ஏற்றுக்கொண்டால் அந்த இடம் அவருக்கு. பாசாங்கு என்று கண்டால் வேலைநீக்கம். குண்டுவீச்சின் பின்னர் ஆயிரக்கணக்கானோர் கொழும்பை விட்டு ஓடிய காலம் அது. நோய் என்று வந்தவரையெல்லாம் சபை ஓடப் பார்ப்பவராகவே கருதியது.

4

முந்திய பிரதியில், சபையின் இலிகிதருக்கு நமசிவாயம் என்று பெயரிட்டிருந்தேன். வயது ஐம்பத்து மூன்று. முன்கோபி. மூக்குப்பொடி போடுபவர். எளியவர்களிடம் எரிந்து விழுபவர். எனக்கு அந்தப் பாத்திரம் மிகவும் பிடித்திருந்தது. தவறு அவர் கையால் நடந்தபோது எழுத்து தங்குதடையின்றி ஓடியது.

றவூப் நானா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"இந்த நமசிவாயம் முன்கோபக்காரன்தானே?"

"ஓம் நானா."

"முன்கோபக்காரன் எப்பிடி இந்த வேல செய்வான்? சாமான மூஞ்சிக்கு நேர நீட்டி, 'என்ன இது, செல்லு' எண்டு கத்துவான். கத்தியிருந்தா அந்த மனிசன் தப்பியிருப்பார். இது நல்ல வளர்ப்புல வளந்தவன் செய்யுற வேல." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அந்த ஒப்பீஸ்ல நீங்களும் வேல செஞ்சீங்க, இல்லையா?"

நமசிவாயத்தை அன்றே நீக்கிவிட்டேன். அவரிடமும் மன்னிப்புக் கோருகின்றேன்.

5

விசாரணை நடந்தது காலை பத்து மணிக்கு. சபைத் தலைவர் படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயர். டாக்டர் நாகேந்திரம் அழைக்கப்படவில்லை; அவர் கடிதம் போதும் என்றார்கள். ஐறீன் அக்கா வெளியே வாங்குப் பலகையில் இருத்தப்பட்டார்.

தலைவரின் கட்டளை தெளிவானது. தட்டத்தில் மூன்று பொருள்கள். ஒவ்வொன்றாக நான் உயர்த்திப் பிடிக்க வேண்டும். சவுந்தரநாயகம் தொடாமல், பார்த்தே பெயர் சொல்ல வேண்டும். நான் மொழிபெயர்க்க வேண்டும். தலைவர் குனிந்து, மனிதர் சொல்வதை எழுதிக்கொண்டிருப்பார்.

முதலாவது, மைக்கூடு.

"குட்டையா ஒண்டு. கழுத்து மாதிரி ஒண்டு மேல. ஒளி அடிக்குது. தெரியாது ஐயா."

இரண்டாவது, தலைவருடைய தொப்பியில் குத்தும் பித்தளைச் சின்னம்.

"மஞ்சளா ஒரு வட்டம். நடுவில ஏதோ மிருகமோ இலையோ. தெரியாது ஐயா. மன்னிக்கணும்."

வயதால் என் தந்தையின் தம்பியாகக் கொள்ளத்தக்கவர் அவர். நல்ல வெள்ளைச் சட்டை உடுத்து, முழங்காலில் இரு கைகளையும் வைத்து, பிள்ளைபோல் அமர்ந்திருந்தார். அவர் முகத்துக்கு எதிரே நின்று, பாலர் வகுப்பில் படம் காட்டுவதுபோல் பொருளைத் தூக்கிப் பிடிப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. மரியாதையாகவும் படவில்லை.

மூன்றாவது, பியோனின் இடுப்பிலிருந்து வாங்கி வைத்த பாக்குவெட்டி.

நான் அதை எடுத்தேன். பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது வலது கையால் நீட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஐந்து வயதிலேயே கற்பித்திருந்தார்கள். அப்படியே நீட்டினேன். எண்ணிச் செய்ததன்று. அவரும் எண்ணிச் செய்யவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து, சற்றே எழுந்து, வாங்கிக்கொண்டார்.

"பாக்குவெட்டி," என்றார். அவர் முகம் மலர்ந்தது. "பாக்குவெட்டிதானே தம்பி?"

தலைவர் நிமிர்ந்தபோது பாக்குவெட்டி தட்டத்துக்குத் திரும்பிவிட்டிருந்தது. நான் மொழிபெயர்த்தேன். சரியாகவே மொழிபெயர்த்தேன்.

"ஆக, தன் வீட்டில் உள்ள பொருளென்றால் தெரிகின்றது," என்று தலைவர் ஆங்கிலத்தில் சொன்னார். "என் தொப்பிச் சின்னம் மட்டுமே தெரியாது. எழுதிக்கொள்."

எழுதினேன். ஐந்தாவது வரி: *மூன்றாவது பொருளைக் கண்டவுடன் தயக்கமின்றிப் பெயர் கூறினார்.*

"அவர் தொட்டார், துரை" என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று சொற்கள். கேட்கப்படாமல் இலிகிதர் பேசுவது அந்த அறையில் வழக்கமில்லை.

வெளியே வந்ததும் ஐறீன் அக்கா எழுந்தார். கணவர் மகிழ்ச்சியோடு இருந்தார். "ஒண்டு சரியாச் சொல்லிட்டன், ஐறீன்!"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கையில குடுத்தீங்களா தம்பி?"

"மன்னிக்க வேணும், அக்கா. விசாரணையைப் பற்றி நான் வெளியில கதைக்கக் கூடாது."

[இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை.]

6

அறிக்கை கையொப்பமாகுமுன் இரண்டு நாள் இருந்தது. நான் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். மதிய இடைவேளைகளில். மிகுந்த வணக்கத்துடன் சமர்ப்பிப்பதா, தாழ்மையுடன் சமர்ப்பிப்பதா என்று முடிவு செய்ய ஒரு நாள் சென்றது. தவறு யாருடையது என்று குறிப்பிடாமல் தவறு நேர்ந்ததை மட்டும் குறிப்பிடும் வாக்கியம் ஒன்றை அமைக்க மறுநாள் சென்றது. பதினொரு பிரதிகள். பதினொன்றாவது குற்றமற்றதாய் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோது, தலைவர் நுவரெலியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். கையொப்பம் காய்ந்திருந்தது.

1944இல் ஒருமுறை அவர்களைத் தேடிப் போனேன். கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு, முகத்துவாரத்தில் ஐறீன் அக்காவின் தமையன் வீட்டுச் சுவரோடு சாய்ப்பாக ஒரு பத்தியிறக்கி இருந்தார்கள். அக்கா வீட்டில் இல்லை. சவுந்தரநாயகம் வாசற்கதிரையில் இருந்தார். நான் ஒரு தகரப் பிஸ்கற் பேணியுடன் எதிரே நின்றேன். நேராக என்னைப் பார்த்தார்.

"ஆர்? வாங்க, இருங்க." கையால் இருக்கை காட்டினார். "குறை நினைக்க வேணாம். எனக்கு ஆளைப் பார்த்துத் தெரியாது. ஒரு சொல் சொன்னீங்க எண்டா அறிஞ்சுகொள்ளுவன்."

என் குரலை அவர் நன்றாக அறிவார்.

"ஒரு சொல் போதும்," என்றார் மறுபடியும்.

நான் பேணியை வாசற்படியில், சத்தம் வராமல் வைத்துவிட்டு—

இந்த வாக்கியத்தைப் பல விதமாக முடித்துப் பார்த்தேன். ஒரு முடிவில் "நான்தான், ஐயா" என்கின்றேன். அவர் என் கையைப் பிடித்து மன்னிக்கின்றார். மிக நன்றாக வந்திருந்தது. எனக்கே கண்கலங்கியது, ஆகவே கிழித்தேன். இன்னொன்றில் அவர் பேணியை எடுத்து என் முதுகில் எறிகின்றார்; அதையும் விரும்பியே எழுதினேன், அதுவும் எனக்கு வசதியான முடிவுதான். இத்தகைய கதைகளில் முடிவை வாசகரிடமே கொடுத்துவிடலாம் என்று றவூப் நானா ஆலோசனை கூறினார். கொடுப்பதில் எனக்கு நல்ல பெயரில்லை என்று மறுத்துவிட்டேன்.

நடந்தது, பேணியை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பியது. சந்திவரை அவர் "ஆர்? ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

7

இழந்தவை பின்வருமாறு.

சவுந்தரநாயகம்: துறைமுகத்தில் இருபத்தொரு வருட வேலை. கயிற்றுக் கிட்டங்கியில் அந்த ஓர் இடம். அதே மாதம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. உண்மை பேசுபவர் என்ற பெயர். அலுவலகக் கோவையில் பாசாங்குக்காரர் என்றே இன்றும் இருக்கின்றது. வீதியில் தனியாக நடத்தல். மனைவியின் முகம்.

ஐறீன்: கொட்டாஞ்சேனை வீடு. பேசாமல் இருக்கும் சுதந்திரம்.

டாக்டர் நாகேந்திரம்: கடிதம் ஒன்று. கோவையில் அது காணப்படவில்லை.

நான்: ஒன்றுமில்லை. அடுத்த தை மாதம் இரண்டாந்தர இலிகிதனாக உயர்த்தப்பட்டேன். நன்னடத்தை, பணிவு என்று காரணம் குறித்திருந்தார்கள்.