காந்தமில்லாத மூடி

முந்தல் ஊரில் ஹமீட் பாஸின் கராஜுக்கு ஒரு சட்டம் இருந்தது. அதை யாரும் சுவரில் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. பாஸ் கைவைத்த இடத்தில் பிழை வராது. வந்தால் அது வாகனத்தின் பிழை, வீதியின் பிழை, உப்புக் காற்றின் பிழை, ஓட்டியவரின் பிழை. வாகனக்காரர் முன்னால் இதற்கு மாறாக வாய் திறந்தவர் அங்கே எவருமில்லை.

ஜுனைதாவும் இரண்டு வருடமாக அந்தச் சட்டத்துக்கு உள்ளேதான் வேலை செய்தாள். வாகன மின்னியல் படித்தவள்; ஹமீட் அவளுடைய ராத்தாவின், மூத்த சகோதரியின், கணவர். கணினியைப் பொருத்திக் காரின் குறையைக் கேட்டறிவது அவள் பொறுப்பு. கேட்டதைப் பாஸின் காதில் மட்டும் போடுவது வழக்கம்.

அன்று காலை சுல்பாவின் பிரெஞ்சு டீசல் கார் மூன்றாவது தடவையாக வந்து நின்றது. ஆலங்குடாவில் ஒரு விடுதிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றி இறக்குவதுதான் சுல்பாவின் பிழைப்பு. கார் இழுக்கவில்லை. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி மறுபடியும் அடைத்திருந்தது. முன்னிரண்டு தடவையும் கணினியால் சூடேற்றிக் கரியை எரித்து அனுப்பியிருந்தார்கள்.

“இனி எரிச்சு வேலையில்ல,” என்றார் ஹமீட். “வெட்டி, உள்ளுக்கு இருக்கிறத எடுத்துட்டு ஒட்டிருவம். குதிர மாதிரி ஓடும்.”

“அப்ப புகை?” என்று கேட்டாள் சுல்பா.

“புகை பின்னாலதானே போகும். நீங்க முன்னாலதானே இருக்கிறீங்க.”

வாசல் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். சுல்பா சிரிக்கவில்லை.

“பின்னால இருக்கிறவங்கதான் பாஸ் எனக்குச் சோறு போடுறாங்க. கறுப்புப் புகையக் கண்டா விடுதிக்காரர் அடுத்த நாளே வேற கார் பிடிப்பார்.”

“அப்ப புது வடிகட்டி ஒன்டு வாங்குங்க. கார்ட பாதி விலை வரும்.”

சுல்பா காரைப் பார்த்தாள். பிறகு, வெட்டுங்கள் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள்.

ஜுனைதாவுக்கு அந்தத் தலையசைவு பொறுக்கவில்லை. அவள் மறுபடியும் கணினியைப் பொருத்தினாள். அந்தக் காரின் அடியில் சிறிய தாங்கி ஒன்று உண்டு. டீசல் அடிக்கும்போதெல்லாம் அதிலிருந்து கொஞ்சம் திரவம் தானாகக் கலக்கும். அது கலந்தால்தான் கரி ஒழுங்காக எரியும். எட்டு மாதமாக அதில் ஒரு துளிகூடக் குறையவில்லை. கணினியின் கணக்குப்படி, எட்டு மாதமாக இந்தக் காருக்கு யாரும் டீசலே அடிக்கவில்லை.

இரண்டு நாளைக்கு ஒரு தடவை அடிக்கிறவளோ பக்கத்தில் நின்றாள்.

டீசல் அடித்ததைக் கார் எப்படி அறியும்? டீசல் தாங்கியின் மூடியால். மூடியில் ஒரு காந்தம் இருக்கும். கழற்றி மாட்டும்போது கார் அதை உணரும். ஜுனைதா போய்ப் பார்த்தாள். அங்கே இருந்தது லொறி மூடி. எட்டு மாதத்துக்கு முன், நோன்புக்கு முந்தின வாரம், உப்புப் பிடித்துப் பூட்டு இறுகியபோது, பழைய மூடியை நெம்பிக் கழற்றிவிட்டு இதை மாட்டியவர் ஹமீட். டோர்ச் பிடித்தவள் ஜுனைதா.

பழைய இரும்பு போடும் தகரப் பெட்டியைக் கிளறிப் பழைய மூடியைத் தேடி எடுத்தாள். திருகாணியின் இரும்புச் சுரை ஒன்றைக் கிட்டக் கொண்டுபோனாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

வழக்கப்படியே அதைப் பாஸின் காதில் போட்டாள். “இந்த மூடியப் போட்டு, திரவத்தக் கலந்து, இங்கயிருந்து சிலாபம் மட்டும் ஒரு ஓட்டம் ஓடினா கரி எரிஞ்சிரும் மச்சான். வெட்டத் தேவையில்ல.”

ஹமீட் மூடியைப் பார்த்தார். பிறகு வாங்கைப் பார்த்தார்.

“மூணு தரம் வந்திட்டா. இப்ப போய் மூடிதான் பிழை என்டு சொல்லவா? அங்க இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“வெட்டினா திரும்ப வைக்கேலாது மச்சான்.”

“இது ஒங்கட ராத்தா சோறு தின்னுற கராஜ், புள்ள. நாளைக்கும் வேலைக்கு வரணும்தானே. மூடிய எடுத்த இடத்தில போடு.”

அவர் கிரைண்டரை எடுத்துக்கொண்டு காரின் அடியில் இறங்கினார். கிரைண்டர் சீறியது. ஜுனைதா தகரத்தருகே போனாள். கையிலிருந்த மூடியில் சுரை ஒட்டியபடியே இருந்தது. பாஸின் கையில் பிழை வராது என்றால் இந்த மூடிக்கு ஊரில் இடமில்லை. தன் படிப்புக்கும் இடமில்லை. அவள் அதைத் தகரத்தில் போடவில்லை. சுவரருகே போய்க் கிரைண்டரின் மின்செருகியைப் பிடுங்கினாள்.

கராஜ் அமைதியானது. “யார்டா அது?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“நான்தான் மச்சான்.”

காரிலிருந்த லொறி மூடியையும் கழற்றி, இரண்டு மூடிகளையும் பொனட்டில் அடுத்தடுத்து வைத்தாள். சுல்பாவின் பக்கம் திரும்பினாள்.

“சுல்பா ராத்தா, கார்ல பிழையில்ல. நீங்க ஓட்டினதிலயும் பிழையில்ல. இந்த லொறி மூடியில காந்தம் இல்ல. அதாலதான் எல்லாம் அடைச்சது. இதப் போட்டது நாங்க.”

வாங்கில் ஒருவர் எழுந்து நின்றார். ஹமீட் கரி படிந்த முகத்துடன் வெளியே வந்து அவளையே பார்த்தார். அவள் அந்தப் பார்வையைத் தாங்கி நின்று, வாங்குக்கும் கேட்கும்படி, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்:

“ஹமீட் பாஸ் போட்ட மூடி.”