பினாயில் அக்காவின் கிருமிகள்

அறுவை சிகிச்சை அறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்காவுக்குத் தம்பி பிரித்துக் கொடுத்த பங்கு, செங்கல் சூளைக்கு மேல்மண்ணைச் சுரண்டி விற்றுத் தீர்த்த நிலம். அதில் புல்கூட முளைக்க யோசிக்கும். மழைக்காலம் முடிவதற்குள் பச்சை பிடித்தால் அவளுக்கு, இல்லையென்றால் மிச்சத்தையும் தோண்டச் சூளைக்காரருக்கு என்று சொல்லிவிட்டான் அந்தப் புண்ணியவான். ஆயுள் முழுக்க குவார்ட்டர்ஸில் கிடந்தவளுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

செத்த மண்ணைத் தேற்றும் என்று விவசாய அதிகாரி சவுண்டல் மர விதை கொடுத்தார். ஊரே அவளைப் பினாயில் என்று கூப்பிடுவது சும்மா இல்லை. விதைகளைக் கிருமிநாசினியில் ஊறவைத்தாள். நாற்றுப் பைகளில் நிரப்பும் மண்ணை அண்டாவில் போட்டு அவித்தாள். நடும்போது கையுறை வேறு. கன்றுகள் முழங்கால் உயரம் வந்து, மஞ்சள் காமாலை கண்டவை போல வெளுத்து நின்றுவிட்டன.

வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் சவுண்டல் மரம், யாரும் சீந்தாமலே தளதளவென்று நின்றது. வயிற்றெரிச்சல் தாங்காமல் அதன் வேரைத் தோண்டிப் பார்த்தாள். வேர் முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டிகள். இது பிழைக்காது என்று அவளுக்குப் பரம திருப்தி. உடனே அதிகாரிக்குப் போன் போட்டு, வருத்தப்படுகிற குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

அது நோயில்லை, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு ஊட்டுகிற கிருமிகள் குடியிருக்கும் முடிச்சு என்றார் அவர். அப்படி வளர்ந்த மரம் உதிர்க்கும் இலையில்தான் மண்ணும் தேறுமாம்.

"உங்க கன்னுல முடிச்சு இல்லையா? விதையை என்ன பண்ணீங்க?"

அவள் சொன்னாள். "நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுட்டீங்களே!" என்றார் அவர். அப்புறம், தம்பி மரத்தடி மண்ணைக் கரைத்து ஊற்றச் சொன்னார்.

கிருமிக்காகத் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாள். மானம் கப்பலேறியது.

"நிலமே குடுத்தாச்சு, இப்ப மண்ணும் வேணுமாக்கா?" என்று சிரித்துவிட்டு, நாய் படுத்துப் புரளும் மரத்தடியைக் கை காட்டினான். கூடையில் அள்ளி வந்து, வாளியில் கரைத்து, மூக்கைச் சுளித்தபடியே ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றினாள்.

மழை ஓயும் சமயம் தம்பி சூளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நிலம் பச்சைப்பசேல் என்றிருந்தது. இருப்பதிலேயே சவலையான கன்று ஒன்றைப் பிடுங்கி, வேரிலிருந்த முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினாள். உள்ளே ரத்தச் சிவப்பு; கிருமிகள் உயிரோடு வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. சூளைக்காரர் சத்தம் போடாமல் நடையைக் கட்டினார்.

தம்பிக்கும் முடிச்சைத் தொட்டுப் பார்க்க ஆசை. அக்காவின் குணம் தெரிந்தவன், முதலில் வாளித் தண்ணீரில் கை கழுவக் குனிந்தான்.

"கழுவாதடா," என்றாள் பினாயில். "அப்படியே தொடு."