குடிலுக்கு வந்த மஞ்சள் புல்

எங்கள் பள்ளிக்குக் கிறிஸ்துமஸ் லீவு கிடையாது. பள்ளி என்றால் சாரம் பகுதியில் எங்கள் வீடும் மொட்டை மாடியும்தான். மாணவர்கள் இரண்டே பேர்: ஏழு வயது ஜெரின், ஐந்து வயது ஜூலி. டீச்சர் நான், வெரோனிகா. முன்பு ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ்ஸாக இருந்தேன். கையைக் கட்டு, வாயில் விரல் வை என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப்போய், என் பிள்ளைகளுக்கு அந்தத் தண்டனை வேண்டாம் என்று வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டேன். உட்கார வைத்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. இரண்டும் ஒரு இடத்தில் உட்காருவதே இல்லை.

என் கணவர் லூர்துபிரகாஷ் ஏ.சி. மெக்கானிக். மண்ணைப் பிசைவதும் தண்ணீரில் கல்லைப் போட்டுப் பார்ப்பதும் ஒரு படிப்பா என்பார். அவருடைய அக்கா ரோசா ரெட்டியார்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். அங்கே ஜெரினுக்கு ஒரு சீட்டு பிடித்து வைத்துவிட்டு, "இருபத்துநாலாந்தேதி சாயங்காலம் குடில் பாக்க வருவேன். வேணுமா வேணாமான்னு அன்னிக்குச் சொல்லிடணும்" என்று தம்பியிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த இருபத்துநாலாம் தேதி காலையில்தான் பூகம்பம் வெடித்தது.

மலையும் பொம்மையுமாக இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் எங்கள் வீட்டுக் குடிலைப் பார்க்கத் தெருவே வரும். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னாலேயே ஒரு அகலமான தட்டில் மண் பரப்பிக் கோதுமை தெளித்துவிடுவோம். அது முளைத்துப் பச்சைப் புல்லாக நிற்கும்போது தட்டோடு தூக்கிக் குடிலில் வைத்து, ஆட்டுச் சுரூபப் பொம்மைகளை நடுவில் நிறுத்தினால் மேய்ச்சல் நிலம் தயார். இந்த வருடம் தண்ணீர் தெளிக்கும் வேலை ஜெரினுடையது.

"புல்லு எங்கடா?" என்று கேட்டார் லூர்து. ஜெரின் கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய்த் தட்டை இழுத்து வந்தான். மேலே அட்டைப்பெட்டி கவிழ்த்திருந்தது. பெட்டியைத் தூக்கினான். புல் ஒரு சாண் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஆனால் ஒரு இணுக்குகூடப் பச்சை இல்லை. மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி மொத்தமும் மஞ்சள்!

"என்னா வேல இது?" என்று அவர் கத்தினார்.

"டெஸ்டுப்பா! இருட்டுல வளருமான்னு பாத்தேன். வளந்துருக்கு பாரு!" ஜெரின் குதித்தான்.

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். மூடி வைக்கிறேன் என்று பிள்ளை சொன்னபோது வைத்துத்தான் பாரேன் என்றவள் நான்தான். மஞ்சளாகும் என்று எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன பாடம்?

"ஆடு மஞ்சப் புல்லையா மேயும்? ஊரே சிரிக்கும். போதும் வெரோ உன் பள்ளிக்கூடம். அக்கா வந்ததும் சரின்னு சொல்லிடறேன்."

ஜெரின் அசரவில்லை. "வெயில்ல வச்சா பச்சையாயிடும்ப்பா. பின்னாடி செங்கல்லுக்கு அடியில இருந்த புல்லு இப்பிடித்தான் இருந்துச்சு. கல்ல எடுத்தப்புறம் பச்சையாயிடுச்சு. நான் பாத்தேன்."

"அக்கா வர்றதுக்குள்ள ஆவுமா?"

"ஆவும்."

"ஆச்சுன்னா இந்த ஸ்கூல் பேச்சையே நான் எடுக்கல. ஆவலன்னா நீ அத்தை ஸ்கூலுக்குப் போற. சரியா?"

"சரி!" என்றான் அந்த அசட்டுத் துணிச்சல்காரன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். மார்கழி வானம் பாதி மேகம், பாதி வெயில். புல் மாறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். "வண்ணம் அடிச்சு வச்சுக்கலாம்" என்றாள் ஜூலி. மஞ்சள் பெயிண்டில் வெள்ளையைத் தொட்டுத் தொட்டுக் குழைத்து, அப்போதைய புல்லின் நிறத்தை அப்படியே ஒரு அட்டையில் தீற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து அட்டையைப் புல் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரே நிறம். இன்னும் கொஞ்ச நேரம். அப்போதும் அதே நிறம். அடுத்த தடவை அட்டையைப் பிடித்த ஜூலி வீல் என்று கத்தினாள்.

"ம்மா! என் மஞ்சள் பொருந்தல!"

மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தோம். புல்லின் நுனியில் இளம்பச்சை லேசாக ஏறியிருந்தது. எத்தனையோ வருடம் இலை பச்சை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள், பச்சை வருவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. மேகம் நகர நகரத் தட்டோடு ஓடினோம். தண்ணீர்த் தொட்டி நிழல் விழுந்தால் இந்த மூலை, தென்னை நிழல் வந்தால் அந்த மூலை. நடுவில் தூறல் வேறு. பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த கமலவேணி அக்கா, "இங்க வெயிலடிக்குது, கொண்டாங்கடி" என்று கைப்பிடிச் சுவருக்கு மேலாகத் தட்டை வாங்கித் தன் மாடியில் வைத்துக்கொண்டார். மஞ்சளில் நீலம் சேரச் சேர ஜூலியின் அட்டையில் ஒன்றுக்கடுத்து ஒன்றாகப் புதுப்புதுப் பச்சைகள் ஏறின. சோறு ஆறிப்போனது, யாரும் கவலைப்படவில்லை.

கீழே பழுப்புத் தாளைக் கசக்கி மலை செய்துகொண்டிருந்த லூர்து முதல் தடவை மேலே வந்தபோது, "என்னா, ஆச்சா?" என்று நக்கலாகக் கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் தடவை ஒன்றும் கேட்காமல் குனிந்து பார்த்தார். மூன்றாம் தடவை வந்தவர், "நெழல்ல வச்சுட்டு வேடிக்கை பாக்கறீங்களே, தள்ளுங்க" என்று தானே தட்டைத் தூக்கி வெயிலில் வைத்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பொழுது சாயும்போது தட்டில் முக்கால்வாசி பச்சை. ஆனால் சுவர் ஓரமாகவே இருந்த ஒரு பக்கம் மட்டும் பிடிவாதமாக மஞ்சளாக நின்றது. திருப்பி வைக்க எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. இனி வெயிலும் இல்லை. தட்டைக் கூடத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தால் கூடத்தில் பெயிண்ட் நாற்றம்.

லூர்து தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் குடில் மலைக்கு அடிக்கும் பச்சை ஸ்பிரே. மஞ்சளாக நின்ற பக்கம் இப்போது பளபளவென்று பச்சை.

"யாருப்பா அடிச்சது?" என்றான் ஜெரின்.

"குடிலுக்குத்தானடா... அக்கா வர்ற நேரம். இப்ப எல்லாம் பச்சை. நீ ஜெயிச்சிட்ட, போ."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பந்தயம் கட்டிய மனிதரே மகன் தோற்றுவிடக் கூடாதென்று திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறார். ஆனால் ஜெரினுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் ஜெயிக்கல! பெயிண்ட்தான் ஜெயிச்சுது. டெஸ்ட கெடுத்துட்டப்பா நீ! இப்ப அது தானா பச்சையாவுமா ஆவாதான்னு எப்பிடித் தெரியும்?" என்று தேம்பியபடி ஈரத் துணியால் ஒவ்வொரு புல்லாகத் துடைக்க ஆரம்பித்தான். பெயிண்ட் போகவில்லை. துடைக்கத் துடைக்கப் புல்தான் கையோடு வந்தது. லூர்து ஸ்பிரேயைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் குனிந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். ரோசா அண்ணி கேக் டப்பாவோடு உள்ளே வந்தார். அழும் பையனையும் தம்பியின் பச்சைக் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாடா இது? சரி, அத விடு. சீட்டுக்கு என்னா சொல்ற?"

லூர்து கையை வேட்டியில் துடைத்தார்.

"இப்ப எதுவும் சொல்ல முடியாதுக்கா. டெஸ்ட நான்தான் கெடுத்துட்டேன். மறுபடியும் மொதல்லருந்து வெதைக்கணும்."

"எத்தினி நாளாவும்?"

லூர்து மகனைப் பார்த்தார். ஜெரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு தட்டு வைக்கணும் அத்தை. ஒண்ணு வெயில்ல, ஒண்ணு மூடி. பத்து நாளாவது ஆவும்" என்றான்.

"அதுவரைக்கும் சீட்டு நிக்காதுடா பிரகாசு."

"நிக்காட்டா போவுது" என்றார் என் கணவர். பிறகு என்னைப் பார்த்து, "வெரோ, கோதுமை மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார்.