கோவளத்தில் ஒரு ரூம்

கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் வினிதா ஆசைப்பட்டது ஒரே ஒரு தாழ்ப்பாளுக்குத்தான். சிரிக்காதீர்கள். பொழிச்சலூரில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரே படுக்கையறை, ஒரே பாத்ரூம். அந்த பாத்ரூமையும் எந்தப் புண்ணியவானோ படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கட்டி வைத்திருந்தான். ஹாலில் படுக்கும் மாமியார் செல்லியம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து இவர்கள் கட்டிலைத் தாண்டிப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது. இந்த லட்சணத்தில் கதவை எங்கே சாத்துவது?

செல்லியம்மாள் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஹனிமூனுக்குக் கொடைக்கானல் கிளம்பியபோது, "புதுசுங்க, தெரியாத ஊரு" என்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கூடவே ரயிலேறியவர், அவ்வளவுதான். வினிதாவின் கணவன் பிரசன்னா அன்றைக்கு "வேணாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா முன்னால் அவனுக்கு வாய் வராது. வெளியில் வாய் கிழியப் பேசுவான். வாசல்படி ஏறினால் ஊமை.

அதனால் இந்தத் தடவை எல்லாவற்றையும் வினிதாவே பார்த்தாள். ஒரு மாசமாக பஸ்ஸிலும் அடுப்படியிலும் போனைத் தேய்த்து, தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கோவளத்தில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிட்டால் மீன் புதுசாக இருக்கும் என்று ஊரார் எழுதிவைத்த அத்தனையும் படித்தாள். கடல் பார்த்த ரூம், சனிக்கிழமை ஒரு ராத்திரி. பணமும் கட்டியாயிற்று.

"அத்தைகிட்ட நேராவே சொல்லிட்டுப் போலாங்க."

"சொன்னா, நானும் வரேன்னு பையைத் தூக்கும் வினி. எனக்கு பெங்களூர்ல ஆபீஸ் டிரெயினிங். நீ காட்டாங்குளத்தூர்ல உங்க அக்கா வீட்டுக்குப் போற. முடிஞ்சது."

அவன் விடியற்காலையில் கிளம்பினான். அவள் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினாள். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டார்கள். "கட்டின புருஷனோட போறதுக்குத் திருட்டுத்தனமா வர்ற ஒரே ஆளு நான்தான்" என்று வினிதா சிரித்தாள். அவனும் சிரித்தான்.

கோவளத்தில் படகுகள் ஏற்றிவைத்த மணலுக்குப் பக்கத்திலேயே அவள் பார்த்துவைத்திருந்த சாப்பாட்டுக் கடை. பொழிச்சலூரில் மகன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மருமகள் உட்காருவாள். இங்கே எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். வஞ்சிரம் வறுவல் சூடாக வந்தது. பிரசன்னா முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டை அவள் இலையில் வைத்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

"ஏங்க, நம்ம பக்கத்துத் தெருவுல ஒரு மாடி போர்ஷன் காலியா இருக்கு. அத்தையை விட்டுட்டுப் போகச் சொல்லல. தினம் போய்ப் பார்த்துக்கலாம். ஆனா அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா குடும்பத்தைப் பிரிச்சவள்னு ஆயிடும்."

"சொல்றேன் வினி. சத்தியமா. நைட்டு உட்கார்ந்து எல்லாம் பேசலாம்."

அவளுக்கு அது போதும். அவன் ஒரே ஒரு தடவை அம்மாவிடம் தனக்காக வாயைத் திறந்துவிட்டால், மீதி ஆயுசை அதே வீட்டில்கூட ஓட்டிவிடலாம் என்று தோன்றியது.

கை கழுவிவிட்டு அவன் அம்மாவுக்குப் போன் போட்டான். "சாப்ட்டேம்மா. கேன்டீன்ல தயிர் சாதம். பெங்களூர்ல நல்ல குளிரு." வினிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விதி எங்கே உட்கார்ந்து சிரித்தது என்று அவளுக்குத் தெரியாது, பாவம்.

ஓட்டலுக்கு நீலக்கரை ரெசிடென்சி என்று பெயர். ரிசப்ஷனில் இருந்த பையன் ஹர்ஷா மரியாதையானவன். இரண்டு ஆதார் கார்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சாரி சார். ரெண்டுமே லோக்கல் ஐடி, இந்தப் பக்கத்து அட்ரஸ். மேடம் கார்டுல அப்பா பேர்தான் இருக்கு. கல்யாணமானதுக்கு ப்ரூஃப் இல்லாம லோக்கல் ஐடி கப்பிள்ஸுக்கு ரூம் குடுக்கறதில்ல. ஓனர் ரூல்."

வினிதா தாலியை எடுத்துக் காட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அதையும் போட்டுகிட்டு வர்றாங்க."

கல்யாண போட்டோவைக் காட்டினாள். அதையும் கம்ப்யூட்டரில் செய்துகொண்டு வருகிறார்களாம். கல்யாணத்தை ரிஜிஸ்டர் செய்ய பிரசன்னாவுக்கு மூன்று வருஷமாக நேரமில்லை. அக்காவுக்குப் போன் போட்டால் அக்காள், தங்கை, ஃப்ரெண்டு எல்லாம் செல்லாது, பெற்றவர்கள் யாராவது பேசவேண்டும் என்றான் ஹர்ஷா. வினிதாவைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது செல்லியம்மாள்தான்.

"அத்தைக்குப் போடுங்க" என்றாள்.

"வினி, பெங்களூர்னு சொல்லியிருக்கேனே. வேற லாட்ஜ் பார்க்கலாம் வா."

"எத்தனை லாட்ஜ்ல போய் நிக்கறது? நான் உங்க பொண்டாட்டின்னு உங்க அம்மாகிட்ட சொல்றதுல என்னங்க இருக்கு? திட்டினா திட்டட்டும்."

பிரசன்னா வாசல் பக்கம் நடக்கத் திரும்பினான். அவளே நம்பரைச் சொன்னாள். "இரு, இரு" என்று அவன் கை நீட்டுவதற்குள் ஹர்ஷா ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"அம்மா, கோவளம் நீலக்கரை ரெசிடென்சில இருந்து பேசறோம். உங்க பையன் பிரசன்னாவும் மருமக வினிதாவும் ரூம் எடுக்க வந்திருக்காங்க. கன்ஃபர்ம் பண்ணத்தான்..."

"இன்னாது? என் புள்ள பெங்களூருல கீறான்பா. இப்பதான் தயிர் சோறு துன்னேன்னு போன் பண்ணான். மருமவ அவ அக்கா வூட்டுக்குப் போய்க்கீறா." ஒரு நொடி நின்று, குரல் மாறியது. "இன்னா பேர் சொன்ன? வினிதாவா? அவகூட யாருப்பா கீறது?"

ஹர்ஷா போனை பிரசன்னா பக்கம் நீட்டினான். "பேசுங்க சார்."

நான்தாம்மா. அந்த ஒரு சொல் போதும். வினிதா அவன் வாயையே பார்த்தாள். பிரசன்னா ஓரடி பின்னால் போய், கட் பண்ணு, கட் பண்ணு என்று கையை ஆட்டினான். "அடிப்பாவி..." என்று ஸ்பீக்கரில் வந்த குரல் பாதியில் அறுந்தது.

உடனே அவன் சட்டைப் பையில் போன் அலறியது. எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்கு ஓடினான். கண்ணாடிக் கதவு முழுசாகச் சாத்தவில்லை.

"ஆமாம்மா, பெங்களூர்லதான்... எனக்கு எப்படிம்மா தெரியும்? அக்கா வீட்டுக்குத்தான் போறேன்னா... சரி, அழாத. நான் வந்து விசாரிக்கறேன்."

விசாரிக்கிறானாம். மூன்று வருஷம் பக்கத்தில் படுத்தவன், பெண்டாட்டியை ஊர்பேர் தெரியாத எவனோடோ சேர்த்துவிட்டுத் தான் தப்பித்துக்கொண்டான். ஹர்ஷா கம்ப்யூட்டரில் ஏதோ வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டான். அந்தப் பையனுக்கு இருந்த வெட்கம்கூட இவனுக்கு இல்லை.

உள்ளே வந்தவன் நெற்றியைத் துடைத்தான். "இப்போதைக்குச் சமாளிச்சுட்டேன் வினி. ராங் நம்பர், பேர் மாறிப்போச்சுன்னு அப்புறம் பதமா சொல்லிக்கலாம்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நீங்க பெங்களூருக்குப் போங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன். அத்தைகிட்ட சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்."

"வினி, லூசு மாதிரி பேசாத. வினி!"

கேளம்பாக்கம் பக்கம் போகும் பஸ் ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகரும்வரைக்கும் அவன் ஓட்டல் வாசலிலேயே நின்றான். ஏறவில்லை. ரோட்டில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேளம்பாக்கம் சேர்வதற்குள் போன் அடித்தது. அத்தை. எடுத்தாள்.

"எங்கடி கீற? நெஜத்தைச் சொல்லு. கூட யாரு கீறது?"

வினிதா பக்கத்து சீட்டைப் பார்த்தாள்.

"கூட யாரும் இல்ல அத்தை" என்றாள். இந்த மூன்று வருஷத்தில் அந்த வீட்டுக்கு அவள் சொன்ன பதில்களில் இதைவிட உண்மை வேறு இல்லை.